முதல் தடவையிலேயே

அழுகை ஜன்னல் பக்கமிருந்துதான் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் வெளியே பராக்குப் பார்க்கக் கூடாதென்று. மேல்பாதியில் மழை விட்ட ஒரு துண்டு வானமும் வேப்பமரத்தின் உச்சிக் கிளையும் மட்டும் தெரிந்தன. அந்த மரத்தடியில்தான் புருஷன் பலவேசம் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருந்தான், ஆவுடைச்செல்வி ஹால் டிக்கெட்டும் பேனாக்களுமாய் மாடிப்படி ஏறியபோது. ஈரத் தரையில் பைக்கின் மழைக்கோட்டை விரித்து, அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சேலையை நாலாய் மடித்துப் போட்டு, பால்புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ போ, நான் பாத்துக்கிடுதேன் என்றான். இப்போதும் அங்கேதான் இருக்கிறானா, வெயில் திரும்பிவிட்டதென்று சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டானா, அங்கே வேறு யாராவது கைப்பிள்ளையோடு காத்திருக்கிறார்களா, இந்த மாடியிலிருந்து ஒன்றும் தெரியாது. அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே காதைக் கொடுத்தாள். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்று, முனையிலிருந்து மை கடுகளவுக்கு ஊறிப் பரவியது. ஆதிரையா அது? நாலு மாதமாய் ராவும் பகலும் கேட்ட அழுகை தெரியாமலா போகும். தெரியும், வீட்டிலென்றால் தெரியும், அடுப்படியில் நின்றாலும் குளித்துக்கொண்டிருந்தாலும் தெரியும். இங்கே இத்தனை மின்விசிறிகள் கடகடவென்று சுற்றுகிற இரைச்சலுக்குள்ளே, எழுபது பேர் தாள் புரட்டுகிற சத்தத்துக்குள்ளே, அது ஒரு பிள்ளையின் அழுகை, அவ்வளவுதான். எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தொண்டை இருக்கலாம். இது நான்காவது தாள். இது போனால் அரியர். அரியர் விழுந்தால் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் கடைசி செமஸ்டருக்கு அவள் இந்த வாசலை மிதிக்கப்போவதில்லை. எழுது, என்றது உள்ளே ஒரு குரல், அது அவளுடைய குரலாக இல்லை. பாதியில் நின்ற வரியை அவள் முடித்தாள்.

ஆனால் உடம்பு யாரைக் கேட்டு நடக்கிறது. முதலில் கக்கத்துக்குக் கீழே குறுகுறுப்பு, பிறகு நூறு ஊசியை ஒரே நேரத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது மாதிரி ஒரு வலி, பிறகு சூடு, பிறகு ஈரம். காலையில் மடித்து வைத்துக்கொண்ட துணி எந்த மூலைக்குக் காணும். துப்பட்டாவை நன்றாய் அகலமாக விரித்து இரண்டு தோளிலும் பின் குத்தியிருந்தாள், ஊதா நிறம், நனைந்தால் கறுத்துக் காட்டும். அவள் முன்னால் சாய்ந்து மேசை விளிம்பில் மார்பை அழுத்திக்கொண்டாள், அழுத்தினால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நிற்கவில்லை. பால் ஊறினால் அது உன் பிள்ளைதான் என்று அம்மா சொல்லுவாள், தாய்க்குத் தெரியாட்டாலும் மாருக்குத் தெரியுமாம். அதெல்லாம் சும்மா. பக்கத்து வீட்டுப் பூனை கத்தினாலும் ஊறுகிறது. டிவியில் சோப்பு விளம்பரத்துக் குழந்தை சிணுங்கினாலும் ஊறுகிறது. போன வாரம் பஸ்ஸில் யாரோ ஒருத்தியின் பிள்ளை வீறிட்டபோது கண்டக்டர் முன்னால் நனைந்துபோய் நின்றாளே. இந்த உடம்பின் சாட்சியை எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. அதோ, அழுகை நிற்கிறது. இல்லை, மூச்சு வாங்குகிறது. ஆதிரை அழத் தொடங்கும்போது முதலில் ஒரு சின்ன இடைவெளி விடுவாள், உதட்டைப் பிதுக்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் தொடங்குவாள். அந்த இடைவெளி இதில் இருந்ததா? தொடக்கத்தை அவள் கேட்கவில்லை, தொடக்கத்தில் அவள் ஒரு சூத்திரத்தின் அடிக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். புட்டியை ஆதிரை தொடமாட்டாள். நாலு நாளாய்ப் பழக்கிப் பார்த்தாயிற்று, ரப்பரை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கிறாள். ஹாலுக்கு வருவதற்கு முன் மரத்தடியில் துப்பட்டாவுக்குள்ளே வைத்துக் கொடுத்தாள், பிள்ளை பாதி குடித்துவிட்டு விளையாட்டுக் காட்டியது, மணி அடித்துவிட்டது. பாதிதான் குடித்தது. பாதிக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? பலவேசத்திடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டு வந்தாள், என்ன ஆனாலும் என்னைக் கூப்பிட்டு விடாதீங்க, நான் எந்திரிச்சு வந்தா எல்லாம் போச்சு. அவன் சரியென்று தலையாட்டினான். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிறவன், செம்புக் கம்பியை ஒரு சுற்றுக்கூடக் குறையாமல் சுற்றுகிறவன். சொன்னால் சொன்னபடி செய்வான், அதுதான் இப்போது பயமாயிருந்தது.

எழுந்து போகலாமா என்று கேட்கலாம். யாரிடம்? மேற்பார்வைக்கு வந்திருக்கிற மேடம் வேறு கல்லூரிக்காரர், முகம் தெரியாதவர், ஏலக்காய் மென்றுகொண்டு வரிசைக்கு வரிசை நடக்கிறார், செருப்பு கிறீச்சிடுகிறது. அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார், யாரும் எழுந்திரிக்கக் கூடாது, பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரீட்சையில் எழுந்திருக்காமல் இருப்பது எப்படியென்று அவள் ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டவள். அப்பா கான்வென்ட் வாட்ச்மேன். அதனால்தான் அவளுக்கு அங்கே இடம், ஃபீஸ் கிடையாது, வருஷத்துக்கு இரண்டு செட் யூனிஃபார்ம், ஆனால் முதல் மூன்று ரேங்குக்குள் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தலைமைச் சிஸ்டர் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றால் என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில், கணக்குப் பேப்பரில், அவளுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கினாள். சிஸ்டர் பிலோமினா கண்ணாலேயே கீழே இறக்கு என்றார். இறக்கினாள். பெஞ்சு, பாவாடை, வெள்ளைச் சாக்ஸ், கடைசியில் தரை. பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், கடைசிக் கணக்கு வட்டிக் கணக்கு, அதையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். முதல் ரேங்க். ரேங்க் கார்டு கொடுத்த அன்று காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சிஸ்டர் அவளை மேடைக்கு அழைத்து, இதுதான் மன உறுதி என்றார், காரணம் சொல்லவில்லை, ஆனால் காரணம் எல்லாருக்கும் தெரியும். கை தட்டினார்கள். கை தட்டின சத்தத்தில் அவள் வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றாள், அந்தத் தெரியாமை இன்னும் தீரவில்லை. பரீட்சையன்று சாயங்காலம் கேட்டருகில் அப்பா அவளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். துண்டில் பீடி வாசமும் கேட்டுக்குப் போடுகிற எண்ணெய் வாசமும் இருந்தன. அன்றிலிருந்து இன்றைக்குவரை யாரோ ஒருவருடைய தயவில் படித்து, அந்தத் தயவு கெடாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் படிப்பாகிவிட்டது. ஈரம் இப்போது இடுப்புவரை இறங்கிவிட்டது மாதிரி இருந்தது. மன உறுதி.

பல்கலைக்கழகத்தில் கிடைத்தது ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகை. யாரோ ஒரு அம்மாள், செத்துப்போனவள், படத்தில் வைரத் தோட்டோடு இருப்பாள், படிக்க வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்கென்று சொத்தை எழுதி வைத்திருக்கிறாள். வருமானச் சான்றுக்கு அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றது, சான்று வந்தபோது அதில் அவர் தொழில் கூலி என்று இருந்தது, யூனிஃபார்ம் போட்டவன் நான், கூலியா என்று வீட்டுக்கு வந்து மெல்லச் சிரித்தது, அதெல்லாம் ஒரு பக்கம். நேர்காணலில் கேட்டார்கள், கல்யாணம் ஆனா படிப்ப விட்ருவியாம்மா? விடமாட்டேன் என்றாள். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். நிபந்தனைகளைத் துறை அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், வருகை இவ்வளவு, நன்னடத்தை, எல்லாத் தாள்களிலும் முதல் தடவையிலேயே தேர்ச்சி. முதல் தடவையிலேயே என்பதற்கு அடியில் யாரோ ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்த வருஷமே ஐப்பசியில் கல்யாணம். பலவேசம் வீட்டில் படிக்கட்டும் என்றார்கள், ஆனால் நாங்க ஃபீஸ் கட்டிப் படிக்கவைக்க முடியாது, பாத்துக்கிடுங்க என்று அவன் அம்மா பந்தலிலேயே வைத்துச் சொல்லிவிட்டாள். அப்புறம் இரண்டாம் வருஷத்துக்குப் புதுப்பிக்கிற நாள், எட்டு மாத வயிறு. துறைத் தலைவரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு அலுவலக வராண்டாவில் நின்றபோது அவள் ஃபைலை வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டாள், தெரியாதாக்கும். பிள்ளைத்தாச்சிக்கு உண்டா இல்லையா என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, எழுதாததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அதே வரிசையில் இரண்டு பேருக்கு முன்னால் இன்னொருத்தி நின்றாள், கறுப்பு பர்தா, அவளுக்கும் அதே வயிறு, வணிகவியல் துறையாம். அவள் ஃபைலை அக்குளில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, சூப்பிரண்டிடம் வராண்டாவே கேட்கிற மாதிரி, சார், புள்ள பெத்தா ஸ்காலர்ஷிப் உண்டா, நிப்பாட்டிருவீங்களா என்று கேட்டாள். சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், அப்படி ஒண்ணும் இல்லையேம்மா என்றார். பின்னே சரி என்று கையெழுத்துப் போட்டாள். ஆவுடைச்செல்விக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஏன் கோபமென்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பர்தாக்காரிதான் இப்போது இவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பரீட்சைக்கென்று துறைகளைக் கலந்து உட்காரவைத்ததில். மேசை ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஜுலைகா பேகம் என்று பெயர். அவளும் பெற்றிருப்பாள். அவளுக்கும் கீழே ஒரு பிள்ளை இருக்கும்.

அந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கீழே இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன என்றால் அழுவது இரண்டில் ஒன்று. பாதிக்குப் பாதி. புள்ளியியல் படிக்கிறவள் இதையாவது ஒழுங்காக யோசிக்க வேண்டாமா. கேள்வித்தாளிலும் அதுதான் கிடந்தது, கடைசிப் பகுதியில், பெரிய மதிப்பெண்ணுக்கு: இரண்டு வகைப் பிழைகளை உங்கள் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்கி, தேற்றத்தை நிறுவுக. எல்லாரும் பல்பு கம்பெனியை எழுதுவார்கள், புத்தகத்தில் இருப்பது அது. சொந்த எடுத்துக்காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அவளுடைய பேனா கான்வென்ட் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியது, அவள் யோசிப்பதற்கு முன்பே. மூடிய அறையில் ஒரு தாய் இருக்கிறாள். வெளியே ஒரு குழந்தை அழுகிறது. எடுகோள், அது அவளுடைய குழந்தை இல்லை. முதலில் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் சரியாயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை மறுக்கப் போதுமான சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அவள் குழந்தை இல்லாதபோது அவள் எழுந்து ஓடினால் அது முதல் வகைப் பிழை. அது அவள் குழந்தையாகவே இருந்து அவள் உட்கார்ந்தே இருந்தால் இரண்டாம் வகை. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும், இருக்கிற சான்றை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாய்க் குறைக்க வழியில்லை. எந்தப் பிழைக்கு என்ன விலையென்று யார் சொல்லுவது? புத்தகம் முதல் பிழைக்குத்தான் முதலில் எல்லை கட்டச் சொல்கிறது. ஓடிப்போய் ஏமாறாதே என்கிறது புத்தகம். சிஸ்டரும் அதைத்தான் சொன்னார். அழுகை இப்போது ஒரே சுருதியில் இல்லை, கட்டிப்போன தொண்டையிலிருந்து அறுந்து அறுந்து வந்தது, கிழிந்த துணியை இன்னும் கிழிப்பதுபோல. பலவேசம் பிள்ளையை எப்படிப் பிடித்திருப்பான்? தலையை இடது முழங்கையில் தாங்க வேண்டும், அவனுக்கு அது வராது, மோட்டாரைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். வார்னிஷ் வாசம் அடிக்கிற கை. அழுவது அவன் கையிலிருக்கிற பிள்ளை இல்லை. அதுவாக இருந்தால் அவன் ஏதாவது செய்வான், யாரையாவது அனுப்புவான். அனுப்பமாட்டான். அனுப்பாதே என்று சொன்னது யார்?

அப்போது முன் பெஞ்சு இழுபட்டது. ஜுலைகா எழுந்து நின்றுவிட்டாள். கையைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை, நேரே எழுந்து நின்றுவிட்டாள், எழுபது தலையும் நிமிர்ந்தது.

“மேடம், கீழ எம் புள்ள அழுவுது. பால் குடுத்துட்டு வந்துருதேன்.”

மேடத்தின் வாயில் ஏலக்காய் நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜுலைகாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இடி விழும் என்று ஆவுடைச்செல்வி காத்திருந்தாள். மேடம் வந்து விடைத்தாளை வாங்கித் தன் மேசையில் கவிழ்த்து வைத்தார், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அம்மாளை அழைத்தார், கூடப் போயிட்டுக் கூடவே கூட்டிட்டு வாங்க என்றார், எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா என்று ஜுலைகாவிடம் முணுமுணுத்தார். அவ்வளவுதான். பர்தாவின் விளிம்பு கதவைத் தாண்டிப் போனது, படியில் வேகமாய் இறங்குகிற காலடிகள், பிறகு மின்விசிறிகள் மட்டும். இவ்வளவுதானா? கேட்டால் போகவிடுவார்களா? ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள் தலைமேல் நின்றுகொண்டிருந்த அந்தப் பெரிய சுவருக்கு ஒரு கதவு இருந்ததா, அதற்குத் தாழ்ப்பாள்கூட இல்லையா? இப்போது அவளும் எழுந்திருக்கலாம். ஆனால் எதற்கு? அழுவது ஜுலைகாவின் பிள்ளை. பெற்றவள் காதால் கேட்டு, எம் புள்ள என்று வாயால் சொல்லிவிட்டாள், இதைவிடச் சான்று வேண்டுமா. அப்பாடா என்று வந்தது. அப்பாடா, என்னுடையது இல்லை. சொன்ன கணமே வாயில் கசப்பு. யார் பிள்ளையாக இருந்தாலும் பிள்ளைதானே தொண்டை கிழிய அழுதது. அது அடுத்தவளுடையது என்றதும் தாளில் கை எவ்வளவு லேசாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றது, வெட்டினாற்போல், வாயில் மார்பு வைத்ததும் எந்தப் பிள்ளையும் நிறுத்துகிற மாதிரி. பார்த்தாயா, என்றது அந்தக் குரல். அவள் எடுத்துக்காட்டின் கடைசி வரியை எழுதினாள்: கிடைத்த சான்றுகளின்படி எடுகோளை மறுக்க முகாந்திரமில்லை, அவள் தன் இடத்திலேயே இருக்கலாம். அடிக்கோடு போட்டாள். தேற்றம் தங்குதடையில்லாமல் வந்தது, வரிக்கு வரி, மனப்பாடமாக அல்ல, புரிந்து. புரிகிறபோது வருகிற அந்தச் சந்தோஷம், அதற்காகத்தானே இத்தனையும். நடுவில் ஒரு இடத்தில் பேனா நின்றது: ஆதிரை ஏன் அழவில்லை? இத்தனை நேரம் அவள் சத்தமே இல்லையே. பக்கத்தில் இன்னொரு பிள்ளை அப்படி அழுதால் கேட்டு இவளும் அழுவாளே. தூங்கியிருப்பாள். பலவேசம் புட்டியைக் குடிக்கவைத்திருப்பான். அல்லது அழாமலே, உதட்டைப் பிதுக்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே. தூங்கியிருப்பாள். கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள்.

ஜுலைகா திரும்பி வந்தபோது ஹாலில் வெயில் மேசைக்கால்வரை நகர்ந்திருந்தது. வியர்த்திருந்தாள், மூச்சு வாங்கியது. உட்காருவதற்கு முன் அவள் திரும்பி ஆவுடைச்செல்வியின் மேசை ஓரத்து ஒட்டுச்சீட்டைப் படித்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு துப்பட்டாவை. துப்பட்டாவில் இரண்டு கறுத்த வட்டங்கள். ஆவுடைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பார்வை அது, பரிதாபமா, நான் எழுந்தேன் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்கிற எகத்தாளமா. போன நேரம் போனதுதான், ஒரு பெரிய கேள்வியை அவள் விட்டிருப்பாள், அரியர் விழுந்தாலும் விழும், அவளுக்கும் அதே நிபந்தனைதான். பாவம் என்று நினைக்கப் போனாள், நினைப்புக்கு அடியில் இன்னொன்று கிடந்தது, அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்தது. கூடுதல் தாள்களை அடுக்கி, ஓட்டையில் வெள்ளை நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டாள், இரண்டாவது முடிச்சும் போட்டாள். மேடம் வாங்கி விடைத்தாள் கட்டோடு சேர்த்தார். முடிந்தது. எல்லாக் கேள்வியும் எழுதியாயிற்று, முதல் தடவையிலேயே. ஹால் முழுக்கப் பேச்சு ஒரே சமயத்தில் உடைந்தது. படியில் நெரிசல், பின்னாலிருந்து யாரோ முழங்கையைத் தொட்டார்கள். ஜுலைகா. நீங்கதான ஆவுடைச்செல்வி, மோட்டார் கடைக்காரரு வீட்ல என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

“கோவிச்சுக்கிடாதீங்க. அழுதது எம் புள்ளைன்னு நெனச்சுத்தான் ஓடுனேன். அவன் எங்க உம்மா மடியில அசந்து தூங்கிட்டுக் கெடக்கான். உங்க புள்ளதான்.”

படியில் இறங்குகிறவர்கள் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனார்கள். ஜுலைகா கைப்பிடிச் சுவரோரமாய் ஒதுங்கி நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்க வீட்டுக்காரர் புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கேட்டுக்கும் மரத்துக்குமா நடக்கார், அவருக்கும் அழுகை வந்துரும் போல இருந்திச்சு, இறங்கிப் போனவ எப்படிச் சும்மா வாரது, அட்டெண்டர் அம்மா வேற நேரமாச்சு நேரமாச்சுன்னு நிக்காங்க, குடுக்கட்டுமான்னு கேட்டேன், அவர் அப்படியே நீட்டிட்டார், என்ன குடி குடிக்கா, ஆத்தாடி. பிறகு அவள் சிரித்தாள், எதிராளி சிரிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. எங்கள்ல ஒரு மார்ல குடிச்ச புள்ளைங்க கூடப்பொறந்த மாதிரியாக்கும், நாளைக்கு எம் மவனும் உங்க மவளும் கல்யாணம் கட்டணும்னு வந்து நின்னாங்கன்னா நடக்காது, இப்பவே சொல்லிட்டேன். ஆவுடைச்செல்வியும் சுவரோரமாய் ஒதுங்கினாள். நன்றி சொல்ல வேண்டும். உன் பேப்பர் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். கேட்டது வேறு.

“ரொம்ப நேரம் அழுதாளா?”

ஜுலைகாவின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. அவள் பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது.

“நான் போவும்போதே தொண்ட கட்டிப்போயிருந்திச்சு.”

மரத்தடியில் பலவேசம் அவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தான், மடியில் பிள்ளை தூங்கியதால் எழவில்லை. சட்டை தோளில் எச்சிலும் கண்ணீருமாய்க் காய்ந்து ஒரு தேசப்படம் மாதிரி இருந்தது. புட்டி துண்டில் அப்படியே நிறையக் கிடந்தது. நல்லா எழுதினியா என்றான். எழுதிட்டேன் என்றாள். கூப்பிடலாம்னு கட்டடத்துக் கேட் வரைக்கும் வந்தேன், வாட்ச்மேன் பரீட்சை நடக்குது உள்ள விட முடியாதுன்னுட்டான், நானும் அதுக்கு மேல கேக்கல, நீ சொல்லியிருந்தேல்லா என்றான், குற்றம் சொல்லுகிற குரலில் இல்லை, ஒப்படைத்த வேலையைச் செய்து முடித்தவனின் குரலில். வாட்ச்மேன் அப்படித்தான் சொல்லுவான். அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார், பரீட்சை நாட்களில் கேட்டில் வந்து நிற்கிற தாய்மாரிடம், கையைக் குறுக்கே நீட்டி. பிறகு அந்தப் பொண்ணு என்று பலவேசம் தொடங்கினான். தெரியும் என்றாள். ஈர மழைக்கோட்டில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். தலை கனத்துத் தொங்கியது, கன்னத்தில் மல்லிகை அத்தர் வாசம், தன்னுடையதல்லாத ஒரு வாசம். துப்பட்டாவை ஒதுக்கி, வலித்துக் கல்லாகியிருந்ததைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். ஆதிரை கண்ணைத் திறக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு நிறைந்திருந்தது. மாடியில் விடைத்தாள் கட்டுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே அவளுடைய அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, அந்தத் தாய் தன் இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. திருத்துகிறவர் அதைப் படித்துவிட்டு, நல்ல எடுத்துக்காட்டு என்று முழு மதிப்பெண் போடுவார். பாஸாகிவிடுவாள். கடைசி செமஸ்டருக்குக் கையெழுத்து வாங்க மறுபடி அந்த வராண்டாவில் போய் நிற்பாள், ஜுலைகா அங்கே நிற்பாளா என்று தெரியாது. போலாமா என்றான் பலவேசம். கொஞ்சம் இருங்க என்றாள். பால் சொட்டிப் பிள்ளையின் கழுத்து மடிப்பில் இறங்கியது, அவள் அதைத் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். அப்போது ஆதிரை தூக்கத்திலேயே ஒருமுறை தேம்பினாள், சின்ன நெஞ்சு முழுக்கக் குலுங்கி. அவ்வளவுதான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை இன்னொரு முறை தேம்பியது.